மீனுக்கு முன் குடியேறுபவை

1846இல் இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து லண்டன் திரும்பிய அன்னா தைன் என்ற பெண்மணி, கூடவே உயிருள்ள சில பவளங்களையும் எடுத்துச் சென்றார். வழியில் உருண்டு அடிபடக் கூடாதென்று அவற்றை ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்து, கடல்நீர் நிறைந்த கல் ஜாடிக்குள் வைத்திருந்தார். லண்டன் வீட்டில் நினைத்தபோதெல்லாம் புதிய கடல்நீர் கிடைக்காது. அதனால் பணிப்பெண் தினமும் திறந்த ஜன்னலருகே நின்று, இருந்த நீரையே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஆற்றினாள். நம் ஊர்க் கடையில் டீ ஆற்றுவதைப் போலத்தான். ஒரு நாளைக்கு அரைமணி, சில நாள் முக்கால் மணி. பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன.

பவளங்களுக்குக் காற்று வேண்டும், அதற்காகத்தான் ஆற்றுகிறோம் என்று அந்த வீட்டில் நினைத்தார்கள். அது சரிதான். ஆனால் அந்தக் காற்றை எதிர்பார்த்திருந்தவை பவளங்கள் மட்டுமல்ல. கடல்நீர் நாள்பட நிற்கும் எந்தப் பாத்திரத்திலும் சுவரிலும் கல்லிலும் வழவழவென்று ஒரு படலம் படியும். அந்தப் படலத்துக்குள் குடியிருப்பவை யார், என்ன செய்கின்றன என்று 1846இல் உலகில் ஒருவருக்கும் தெரியாது. இன்று வீட்டுக் கூடத்தில் உப்புநீர்த் தொட்டி வைக்கும் எவரும் முதலில் சம்பாதிக்க வேண்டியது அவற்றின் தயவைத்தான்.

மீன் தின்ற புரதத்தில் மிஞ்சும் நைட்ரஜனை வெளியேற்றியாக வேண்டும். மனித உடல் ஆற்றலைச் செலவு செய்து அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறது. பெரும்பாலான மீன்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. செவுள் வழியாக அம்மோனியாவாகவே விட்டுவிடுகின்றன. சுற்றிலும் கடல் இருக்கும்போது அது கணத்தில் கரைந்து காணாமல் போகும். நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே போகும்? தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியா, கல்லிடுக்கில் ஒரு நத்தை செத்துக் கிடந்தாலும் அம்மோனியா. சில நாட்களில் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்; செவுள் சிவந்து வீங்கும். புதிதாகத் தொட்டி வைத்தவர் ‘மீனுக்கு ஏதோ நோய்’ என்று மருந்து வாங்க ஓடுவார். அது நோயல்ல. தன் கழிவுக்குள்ளேயே மீன் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த ஆபத்து நன்னீரைவிட உப்புநீரில் கூடுதல். நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் அவ்வளவாகக் கேடு செய்யாது. மின்னேற்றம் இல்லாத அம்மோனியா செவுள் சவ்வைத் தாண்டி நேராக உள்ளே புகும். எது எவ்வளவு என்பதை நீரின் பிஎச் தீர்மானிக்கிறது. பிஎச் 7 உள்ள நன்னீரில் மொத்தத்தில் நூற்றுக்கு அரைப்பங்கு மட்டுமே நச்சு வடிவம். பிஎச் 8.2 உள்ள கடல்நீரில், 25 டிகிரி வெப்பத்தில், அது நூற்றுக்கு ஆறேழு பங்கு. பத்து மடங்குக்கும் மேல். தங்கமீன் தொட்டியில் தாங்கக்கூடிய பிசகு கோமாளி மீன் தொட்டியில் தாங்காமல் போவதற்கு இதுவே காரணம்.

தீர்வும் இயற்கையிலேயே இருக்கிறது. ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதில் கிடைக்கும் ஆற்றல்தான் அவற்றின் பிழைப்பு. இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கிப் பிழைக்கிறது. நைட்ரேட், மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் சாது. இடைப்பட்ட நைட்ரைட் நன்னீர் மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சடைக்க வைக்கும். கடல்நீரிலோ குளோரைடு ஏராளம். செவுள் வாசலில் அது முந்திக்கொண்டு நிற்பதால் நைட்ரைட் உள்ளே நுழைவது கடினம். அம்மோனியா விஷயத்தில் வஞ்சித்த கடல்நீர் இந்த ஒரு இடத்தில் மீனுக்கு அனுசரணையாக இருக்கிறது.

இந்த உண்மை தெரியவந்த கதையில் ஒரு தந்தையும் மகனும் வருகிறார்கள். இருவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தந்தை லண்டனில் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளர். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் விட்டார். செடியின் வாடிய இலைகள் அழுகி நீர் கெட்டது. அவற்றைத் தின்ன நத்தைகளைச் சேர்த்ததும் நீர் தெளிந்தது. செடி மீனுக்கு ஆக்சிஜன் தருகிறது, மீன் செடிக்குக் கரியமில வாயு தருகிறது, நத்தை துப்புரவு செய்கிறது. ஆகவே நீரை மாற்றாமலேயே ஒரு சிறு உலகத்தை நடத்தலாம் என்று 1850இல் எழுதினார். அடுத்து கடல்நீரிலும் அதையே முயன்றார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்கூடம் திறந்தது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய அக்வாரியம் நூல் வந்தது. வசதியுள்ள வீடுகளில் கடல் தொட்டி வைப்பது ஒரு மோகமாகவே பரவியது. செடி, மீன், நத்தை என்ற தந்தையின் கணக்கு அழகானது. ஆனால் அந்தக் கணக்கில் நைட்ரஜன் வரவில்லை. 1867இல் அவர் காலமானபோதும் அந்த விடுபாடு யார் கண்ணிலும் படவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, பிரான்சில், மீன்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு பேர் அதைப் பிடித்தார்கள். ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இருவரும் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெல்லச் சொட்டவிட்டார்கள். சுமார் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. மேலே போன அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதற்குப் பிறகு நைட்ரேட் தலைகாட்டியது. போகப்போக அம்மோனியாவே இல்லாமல் போனது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும், இருபது நாள் எதற்கு? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். வேலை நின்றது. ஆவியை அகற்றிய பிறகும் தானாகத் தொடங்கவில்லை. தோட்டத்து மண்ணைக் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள். சில நாளில் மீண்டும் நைட்ரேட் வந்தது. மணலில் உயிர் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இன்றைக்குக் கடல்மீன் வளர்ப்பவர்கள் ‘சைக்கிளிங்’ என்று சொல்லும் காரியம், முழுக்க முழுக்க அந்தக் குழாய்க்குள் 1877இல் நடந்து முடிந்துவிட்டது: காத்திருப்பு, உறை ஊற்றல், விஷம் பட்டால் எல்லாம் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது உட்பட.

அந்தச் செய்தி கேட்டு ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இதே ஆய்வைத் தொடங்கியவர் மகன் வாரிங்டன். அம்மோனியா நைட்ரைட் ஆவதும் நைட்ரைட் நைட்ரேட் ஆவதும் இரண்டு தனித்தனி உயிர்களின் வேலை என்று அவர் கண்டார். தந்தையின் தொட்டியில் கணக்குக்கு வராமல் போன கண்ணியை மகன் வயல் மண்ணில் தொட்டுவிட்டார். ஆனால் அந்த உயிர்களைத் தனியே பிரித்துக் காட்ட அவரால் முடியவில்லை. அன்றைய ஆய்வகங்களில் பாக்டீரியாவை ஜெலட்டினில் வளர்ப்பதுதான் வழக்கம். இவை ஜெலட்டின் விருந்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி ஜூரிக்கில் அந்த வழக்கத்தைக் கைவிட்டு, கரிமப் பொருள் எதுவுமே இல்லாத ஊடகத்தில் வளர்த்தார். 1890இல் வெற்றி. ஒளியும் வேண்டாம், கரிம உணவும் வேண்டாம். அம்மோனியாவை எரித்து, கரியமில வாயுவிலிருந்து உடலைக் கட்டிக்கொள்ளும் உயிர்கள் இருக்கின்றன என்பது அன்றைய உயிரியலுக்குப் பேரதிர்ச்சி. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் என்ற பெயர்கள் அவர் வைத்தவை.

இப்படி எரித்துப் பிழைப்பது வறுமையான பிழைப்பு. கிடைக்கும் ஆற்றல் சொற்பம். அதிலும் பெரும்பகுதி கரியமில வாயுவைப் பிடித்துக் கட்டுவதிலேயே செலவாகிவிடும். நல்ல தீனி கிடைத்தால் ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கோ அரைநாள், ஒருநாள், சில சமயம் அதற்கும் மேல். இரவு உறை ஊற்றினால் காலையில் தயிர் ஆகிவிடும். தொட்டிக்கு அந்த அவசரம் செல்லாது. 26, 27 டிகிரி வெப்பத்தில் நான்கு முதல் ஆறு வாரம் என்பது சாதாரணக் கணக்கு. எட்டு வாரம் ஆனாலும் வியப்பதற்கில்லை.

அந்த வாரங்களில் தொட்டியைப் பார்க்க வருபவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “மீன் எங்கே?” மணல் இருக்கிறது, பாறை இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, நீர் கண்ணாடிபோல் இருக்கிறது. மீன் மட்டும் இல்லை. முன்பெல்லாம் ‘இப்போதே இரண்டு டாம்சல் மீனை விடுங்கள், அது தாங்கும்’ என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. தாங்கும் என்றால் சாகாது என்றுதான் பொருள். செவுள் வெந்து புண்ணாகாது என்று பொருளல்ல. அந்த வழக்கத்துக்கு இன்று எந்த நியாயமும் கிடையாது. அம்மோனியம் குளோரைடு கரைசலை அளந்து ஊற்றி நீரில் அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்குக் கொண்டுவந்தால், மீன் இல்லாமலேயே நுண்ணுயிர்களுக்குத் தீனி கிடைத்துவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு துண்டு இறாலை உள்ளே போட்டு அழுகவிடுவார்கள். நாற்றம் உண்டு, ஆனால் வதை இல்லை.

பிறகு டெஸ்ட் கிட்தான் கண். முதல் வாரம் அம்மோனியா அளவு இறங்காமல் நிற்கும். ஒருநாள் அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும், ஏறிக்கொண்டே போகும். பொறுமை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் இழக்கிறார்கள், ஏனெனில் நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம் தன் உணவு தயாரான பிறகுதான் பெருகத் தொடங்க முடியும். இடையில் நீர் பால் கலந்தாற்போல் கலங்கினால் பாக்டீரியா வந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. வந்தது வேறு பாக்டீரியா. அழுகலைத் தின்று வேகமாகப் பெருகி நீரில் மிதப்பவை. வேண்டியவை மிதப்பதில்லை. பாறையிலும் மணலிலும் ஃபில்டருக்குள்ளிருக்கும் செராமிக் வளையங்களிலும் ஒட்டிக்கொண்டு கிடப்பவை அவை. பழைய தொட்டியிலிருந்து நீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுவதால் பெரிய பயன் இல்லாததும் இதனால்தான். அதே தொட்டியின் ஃபில்டரில் ஊறிய ஒரு கைப்பிடி ஸ்பாஞ்ச் அல்லது ஒரு பிடி மணல், பல குடம் நீர் செய்யாததைச் செய்யும். நல்ல உறைமோர் அதுவே. கூடவே நோயும் வந்துவிடக்கூடும் என்பதால், ஆரோக்கியமான தொட்டிதானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நேற்று ஊற்றிய 2 பிபிஎம் அம்மோனியா இன்று இதே நேரத்துக்குள் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி பழகிவிட்டது. கார்பனேட் காரத்தன்மையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நான்கு கிராமுக்கும் மேல் ஆக்சிஜன் செலவாகிறது. ஏழு கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மையும் போகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் பிஎச் சரிந்து, வேலையாட்களே வேலையை நிறுத்திவிடுவார்கள்.

சரி, அந்த வேலையாட்கள் யார்? நூறு ஆண்டுகளாக எல்லோரும் வினோகிராட்ஸ்கி வைத்த பெயர்களையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபேக்டர் என்பது பாடப்புத்தகம் முதல் கடையில் விற்கும் பாட்டில் வரை எழுதியிருந்த விஷயம். 1990களில் டிமோத்தி ஹோவனெக், எட்வர்ட் டிலாங் இருவரும் தொட்டிகளின் ஃபில்டர்களிலிருந்து மரபணுப் பொருளை எடுத்து நேரடியாகத் தேடினார்கள். 1996இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் நைட்ரோபேக்டர் தென்படவே இல்லை. அம்மோனியா தின்னும் நைட்ரோசோமோனாஸ் வகை உப்புநீர்த் தொட்டிகளில் கிடைத்தது, நன்னீரில் அரிதாகவே கிடைத்தது. 1998இல் நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பவை நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு இனம் எனக் காட்டினார்கள். ஆய்வகக் குடுவையில் வளர மனமிருப்பதும் தொட்டியில் உண்மையில் உழைப்பதும் ஒன்றல்ல என்பது அப்போது தெளிவானது.

அதைவிடப் பெரிய செய்தி சியாட்டிலில் காத்திருந்தது. அந்த நகரின் கடலோரத்தில் உள்ள சியாட்டில் அக்வாரியத்தில் வெப்பமண்டல மீன்களுக்கான ஒரு கடல் தொட்டி. 1992இலேயே டிலாங்கும் ஜெட் ஃபர்மனும் தனித்தனியாகக் கடல்நீரில் ஆர்க்கியா என்ற உயிரினக் குழுவின் மரபணுக்களைக் கண்டிருந்தார்கள். பாக்டீரியாவைப் போலச் சிறியவை, ஆனால் பாக்டீரியா அல்லாத தனிக் கிளை. வெந்நீர் ஊற்றிலும் உப்பளத்திலும்தான் வாழும் என்று நம்பப்பட்டவை, சாதாரணக் கடல்நீரில் ஏராளமாக இருந்தன. அவை எதைத் தின்று வாழ்கின்றன? பதின்மூன்று ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை; ஒன்றையேனும் வளர்த்துப் பார்த்தால்தானே தெரியும்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்டால் என்பவரின் ஆய்வுக்குழு நடுக்கடலுக்குக் கப்பல் ஏறாமல், ஊருக்குள்ளேயே இருந்த அந்தத் தொட்டியின் அடிச் சரளையைச் சுரண்டி எடுத்து வந்தது. அம்மோனியாவும் பைகார்பனேட்டும் மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். மார்ட்டின் கோனெக்கேயும் கூட்டாளிகளும் 2005இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். நைட்ரோசோபூமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயர். பூமிலஸ் என்றால் லத்தீனில் குள்ளன். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீளமில்லாத இந்தக் குள்ளன் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறான். வினோகிராட்ஸ்கி காலம் தொட்டு பாக்டீரியாவின் தனிச் சொத்தாகக் கருதப்பட்ட தொழில் அது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே குழு அவனுடைய பசியை அளந்தது. சாதாரண வீட்டு டெஸ்ட் கிட்டில் தெரியும் மிகக் குறைந்த அளவு 0.25 பிபிஎம். அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அம்மோனியா உள்ள நீரிலும் இவன் பாதி வேகத்தில் வேலை செய்கிறான். பாக்டீரியா பட்டினி கிடக்கும் நீர் இவனுக்குச் சாப்பாட்டுக் கடை. பெருங்கடலில் ஆர்க்கியா ஏன் இவ்வளவு பெருகியிருக்கிறது என்பதற்கு விளக்கம் இப்படித்தான் கிடைத்தது: கண்காட்சி மீன்களின் காலடியில் கிடந்த சரளையிலிருந்து. வீட்டுத் தொட்டி தொடங்கிய நாட்களில் அம்மோனியா கூடுதலாக இருப்பதால் பாக்டீரியாவின் கை ஓங்கியிருப்பதற்கும், நாட்பட்ட, தெளிந்த தொட்டியில் ஆர்க்கியாவுக்கு இடம் கிடைப்பதற்கும் இந்தப் பசி வேறுபாடு பொருத்தமான விளக்கமாக இருக்கிறது.

நுண்ணுயிரைச் சேர்ப்பதில் ஒரு குறுக்குவழியும் உண்டு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகளையே தொட்டிக்குள் அடுக்கி, காற்றுக்குமிழி மட்டும் விட்டு மீன்களையும் பவளங்களையும் வளர்த்தார். அதைப் பற்றி 1961இல் எழுதினார். பாறையின் மேற்பரப்பில் ஆக்சிஜன் உள்ளவரை அம்மோனியா தின்பவை இருக்கும். உள்ளே, ஆக்சிஜன் எட்டாத துளைகளில் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் குமிழியாக அனுப்பிவிடும். ஒரு கல்லுக்குள் முழுச் சுழற்சி. பின்னாளில் ஜெர்மனியில் உருவான பெர்லின் முறையும் இத்தகைய பாறையையே நம்பியது.

ஆனால் இந்தக் குறுக்குவழி இந்தியாவில் கிடையாது, இருக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக் காளவாய்களுக்காக வெட்டி எடுத்த பவளத்துக்குக் கணக்கில்லை. தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் போய்விட்டன; பவளம் வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். 2001 முதல் கடினப் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சமமாக இருக்கின்றன. ஆகவே இங்கே தொட்டி வைப்பவர் காய்ந்த கல்லிலும் செராமிக்கிலும் தொடங்கி, வாரக்கணக்கில் காத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பு கடலுக்குச் செய்யும் மரியாதையும் கூட. மீனையும் கடலிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை: மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் கோமாளி மீன்களை முட்டையிலிருந்து வளர்க்கும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது.

குடியேறியவர்களைக் கெடுக்கும் வழிகள் பல, எல்லாமே நல்லெண்ணத்தில் நடப்பவை. ஃபில்டர் ஸ்பாஞ்ச் அழுக்காகிவிட்டது என்று குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவுவது முதல் தவறு. நகராட்சிக் குடிநீரின் குளோரின் கொல்வதற்கென்றே கலக்கப்படுவது. தொட்டியிலிருந்து ஒரு வாளி நீர் எடுத்து அதில் மெல்லப் பிழிந்தால் போதும். நோயுற்ற மீனுக்குப் பெரிய தொட்டியிலேயே ஆன்டிபயாட்டிக் ஊற்றுவது அடுத்தது. மூன்றாவது நம் ஊருக்கே உரிய கவலை: கரண்ட் போவது. மூடிய ஃபில்டருக்குள் நீர் ஓடாமல் நின்றால் அங்கே ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகும். பல மணி நேரம் அப்படியே கிடந்துவிட்டு மீண்டும் மோட்டார் ஓடும்போது கெட்ட நீர் மொத்தமும் தொட்டிக்குள் கொட்டும். அதனால் நீண்ட மின்வெட்டு முடிந்ததும் ஃபில்டரைத் திறந்து அந்த நீரைக் கொட்டிவிட்டே இயக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருந்தால் மீனும் பிழைக்கும், பாறையில் ஒட்டியவையும் பிழைக்கும். அதுவும் இல்லாத வீட்டில் ஒரு சொம்பை எடுத்துத் தொட்டி நீரை மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கலாம், லண்டன் ஜன்னலருகே அந்தப் பணிப்பெண் செய்ததைப் போல.

ஆறாவது வாரம் ஒரு மாலை, சோதனைக் குழாய் இரண்டிலும் நிறம் மாறாமல் நிற்கிறது. சேர்ந்திருந்த நைட்ரேட் குறையட்டும் என்று நீரில் ஒரு பங்கை மாற்றி, உப்பின் அளவைச் சரிபார்த்து, பையில் மிதக்கவிட்டிருந்த ஒரே ஒரு கோமாளி மீனை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே விடுகிறார் வீட்டுக்காரர். இரண்டு நாளைக்குத் தீனி ஒரு சிட்டிகை மட்டும், ஏனென்றால் பாறையில் இருக்கும் கூட்டம் இதுவரை கிடைத்த உணவுக்கு ஏற்ற அளவில்தான் பெருகியிருக்கிறது. புதிய வரவுக்கு ஏற்ப அது மறுபடி கூட வேண்டும். அடுத்த மீனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.